குவளைக்குள் என்ன இருக்கிறது?

மும்பையில் புதுவகை ரசிகர் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. இவர்கள் சினிமா ரசிகர்களும் அல்லர். கிரிக்கெட் ரசிகர்களும் அல்லர். பீர் ரசிகர்கள்! சனிக்கிழமை மாலையானால் அந்தேரி, கார், லோயர் பரேல் பக்கம் உள்ள சிற்றாலை பீர்க் கடைகளில் இவர்களைக் காணலாம். ஒரு மரத்தட்டில் நாலைந்து சின்னக் கண்ணாடிக் குவளைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம். ரசிகர் ஒரு குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், ஒரு வாய் அருந்திக் கண்ணை மூடிக்கொள்வார். "இது கோதுமையில் செய்தது, வாழைப்பழ வாசனை வருகிறது", "இதில் கசப்பு தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்வார். அதைக் குறித்துக்கொள்பவர்களும் உண்டு.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்ற தகப்பனாருக்கு இது தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வார். "குடிப்பதில் ஆராய்ச்சி வேறா?" என்று கேட்பார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு குவளைக்குச் சில நூறு ரூபாய் விலை. மூன்று குவளைக்குப் போகும் பணத்தில் ஒரு வீட்டுக்குப் பல நாள் காய்கறி வாங்கிவிடலாம்.

ஆனாலும் இந்த ரசிகரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சரியல்ல. அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. குவளையை வாயில் வைக்கும் முன் அவர் கேள்வி கேட்கிறார். இது எதில் செய்தது? யார் செய்தது? எப்போது செய்தது? இதில் போதை எத்தனை சதவீதம்? இந்த நான்கு கேள்விக்கும் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். சுவரில் மாட்டிய பலகையிலேயே பதில் எழுதியிருக்கும்.

இதே மும்பையில் இந்த நான்கு கேள்வியைக் கேட்க முடியாமல் குடித்து, மறுநாள் பிணமானவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். சிந்திக்க வேண்டிய விஷயம் இதுதான்.

காபித்தூள் கடையில் கற்ற பாடம்

சுவை பார்த்து வாங்குவது தமிழனுக்குப் புதிதல்ல. மாட்டுங்காவில் காபித்தூள் அரைக்கும் கடைக்குப் போய் நின்றால் இது விளங்கும். "பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி அதிகம் வேண்டாம், கண் முன்னால் அரைத்துக் கொடு" என்று கேட்டு வாங்கும் மாமாக்களும் மாமிகளும் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்து போகிறார்கள். சிக்கரி கொஞ்சம் கூடினாலும் முதல் வாயிலேயே கண்டுபிடித்து விடுவார்கள். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. "காபி தெரிந்தவர்" என்று மரியாதையாகவே சொல்கிறோம்.

பீர் ரசிகர் செய்வதும் இதுவேதான், பண்டம்தான் வேறு. பார்லியை முளைகட்டி, வறுத்து, கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்னும் பூவைச் சேர்த்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்தால் பீர். வறுப்பு கூடினால் கறுப்பு. கோதுமை சேர்த்தால் வெளுப்பு. பெரிய கம்பெனிகள் ஒரே ருசியில் லட்சக்கணக்கான பாட்டில்களை நிரப்புகின்றன. சிற்றாலைக்காரர் சில பீப்பாய்கள் மட்டும் செய்து, சுடச்சுட என்பதுபோல அங்கேயே விற்கிறார். 'கிராஃப்ட் பீர்' என்பது இதைத்தான்.

மகாராஷ்டிரத்தில் இந்த வகை ஆலை முதன்முதலாகப் புனேயில் 2009-இல் தொடங்கியது. அதன் பெயர் டூலாலி. நாசிக் அருகே உள்ள தேவ்லாலி ராணுவ முகாமில் கப்பலுக்குக் காத்துக் கிடந்து புத்தி பேதலித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உண்டாக்கிய கொச்சைச் சொல் அது. அதன்பின் மும்பையிலும் பல கடைகள் வந்தன. ஒரு காலத்தில் சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் உள்ளே நுழைந்த பஞ்சாலை வளாகங்களில் இன்று பீர்க் குழாய்கள் திறக்கின்றன. 1982 வேலைநிறுத்தத்தில் பிழைப்பை இழந்தவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்பது வேறு கதை.

'உள்ளூர் பீர்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பார்லி பெரும்பாலும் ராஜஸ்தான், ஹரியானா பக்கத்தது. ஹாப்ஸ் பெரும்பாலும் கடல் கடந்து வருவது. தண்ணீரும் உழைப்பும்தான் முழுக்க உள்ளூர். இருக்கட்டும். உள்ளூர் என்று சொல்வதையே ஒரு பெருமையாக அவர்கள் ஆக்கிவிட்டார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை.

தாராவியின் உள்ளூர்ச் சரக்கு

ஆனால் 'உள்ளூர்ச் சரக்கு' என்ற சொல்லுக்குத் தாராவியில் ஒரு காலத்தில் இருந்த பொருள் வேறு. அங்கே அதற்கு ஹாத்பட்டி என்று பெயர். பழைய பம்பாய் மாகாணத்தில் 1949-இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மொரார்ஜி தேசாய் போன்றவர்கள் அதை உயிரினும் மேலாகக் கருதினார்கள். கடைகள் மூடின, குடிப்பவர்களின் தொண்டை மூடவில்லை. கழிமுகச் சேற்றிலும் புதர்களிலும் பீப்பாய்கள் புதைந்தன. வெல்லமும் நவச்சாரமும் போட்டு ஊறல் வைத்தார்கள். இரவில் அடுப்பு மூட்டினார்கள். தாராவியும் அதன் சுற்றுப்புறமும் இந்தத் தொழிலுக்குப் பேர் போன இடங்களாயின.

பிழைப்புத் தேடி வந்த தமிழர்களில் சிலரும் இதில் இறங்கினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. போரிபந்தர் ஸ்டேஷனில் சுமை தூக்கிய வரதராஜ முதலியார் இந்த வியாபாரத்தில்தான் பெரும் செல்வாக்குப் பெற்றார். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் நடத்திய விநாயகர் விழா ஊரையே கூட்டியது. 1980-களில் போலீஸ் நெருக்கடி முற்றி, அவர் சென்னைக்குப் போனார், 1988-இல் இறந்தார். அவர் கதையின் சாயலில் 1987-இல் 'நாயகன்' படமும் வந்தது.

படம் பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார்? தோல் பதனிடும் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் நேர்மையாக உழைத்த ஆயிரமாயிரம் தாராவித் தமிழர்கள்தான். 1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் குரல் எழுப்பிய காலத்தில், 'மதராஸி என்றால் ஹாத்பட்டி காய்ச்சுபவன்' என்ற பழியும் அவர்கள் தலையில் விழுந்தது. சட்டம் ஒரு பண்டத்தைக் கள்ளச்சரக்கு ஆக்கியது. அதில் சிலர் பணக்காரர் ஆனார்கள். கெட்ட பெயர் மட்டும் எல்லோருக்கும் பொதுவானது.

பின்னாளில் சட்டம் படிப்படியாகத் தளர்ந்தது. அரசு அனுமதி பெற்ற நாட்டுச் சாராயக் கடைகளும் வந்தன. ஆனால் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. 'பம்பாய்' என்று இருந்த பெயர் 'மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம்' என்று மாறியதுதான் மிச்சம். இந்தச் சட்டப்படி மது அருந்துபவர் ஒவ்வொருவரும் பர்மிட் வைத்திருக்க வேண்டும். 'உடல்நலத்தைப் பேணுவதற்காக' என்று அந்தச் சீட்டு சொல்கிறது! லோயர் பரேல் ரசிகரில் எத்தனை பேர் பாக்கெட்டில் அந்தச் சீட்டு இருக்கும் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

மெத்தனால் என்னும் எமன்

2004 டிசம்பரில் விக்ரோலியில் விஷச் சாராயம் குடித்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். கதவைத் தட்டிக் கேட்க வேண்டிய அதிகாரிகள் எங்கே இருந்தார்கள் என்று அப்போதும் கேட்கப்பட்டது. சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2024-இல்தான் தீர்ப்பு வந்தது.

சொந்த ஊரிலும் இதே கதைதான். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். தெருவுக்குத் தெரு அரசு மதுக்கடை இருக்கும் மாநிலத்திலேயே இந்தக் கொடுமை. கடையில் விற்கும் குவார்ட்டருக்குக் கையில் காசு போதாதவன் பாலிதீன் பாக்கெட்டுக்குப் போனான். அவ்வளவுதான்.

கொன்றது எது? மெத்தனால். பெயின்டுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் பயன்படும் சரக்கு. பார்வைக்கும் மணத்துக்கும் சாராயத்தைப் போலவே இருக்கும். விலை மலிவு, ஆகவே கலக்கிறார்கள். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பைத் தின்கிறது, பிறகு உயிரை. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் வரும். 'நேற்றுக் குடித்தது இறங்கவில்லை' என்று எண்ணிப் படுத்துக்கொள்கிறவர் மறுபடி எழுந்திருப்பதில்லை. உடனே மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. தாராவிக்கு சயான் ஆஸ்பத்திரி எட்டிய தூரம்தான். ஆனால் 'போலீஸ் கேஸ் ஆகுமே' என்ற பயம் அந்தத் தூரத்தை நூறு மைலாக்கிவிடுகிறது.

தானியத்தையோ பதநீரையோ ஒழுங்காகப் புளிக்கவைத்தால் இந்த அளவுக்கு மெத்தனால் வராது. பீரும் கள்ளும் குடித்து மெத்தனாலால் ஊரோடு மாண்டார்கள் என்ற செய்தி வருவதில்லை. ரசாயனச் சரக்கு கலந்தால்தான் வரும். ஆகவே, குவளையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஏழைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

பனைக்கு ஒரு நீதி, பார்லிக்கு ஒரு நீதி

உள்ளூர், இயற்கை, புதியது என்று பீர் ரசிகர்கள் தேடுகிற மூன்று குணமும் கள்ளில் இருக்கிறது. காலையில் இறக்கிய பாளைச் சாறு மாலைக்குள் தானே புளிக்கிறது. ஹாப்ஸ் வேண்டாம், ஜெர்மனியிலிருந்து எதுவும் வரவேண்டாம். போதையும் பீர் அளவுதான். ஏறக்குறைய ஐந்து சதவீதம். பானையில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காத பதநீர். இந்தப் பக்கத்தில் நீரா. அதைக் குழந்தைகூடக் குடிக்கலாம்.

மும்பையின் பூர்வகுடிகளில் பண்டாரிகள் என்போர் மரமேறிகள். தமிழ்நாட்டுப் பனையேறிகளைப் போல. 1878-இல் வெள்ளைக்கார அரசு பம்பாய் அப்காரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மரத்துக்கு வரி ஏறியது. சாராயம் வடிப்பது பெரிய வடிசாலைகளின் கையில் குவிந்தது. சின்னத் தொழிலாளி நசுங்கினான். பெரிய முதலாளி வளர்ந்தான். அன்று போட்ட கோடு இன்றும் அழியவில்லை.

தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள்ளுக்குத் தடை. அதே மாநிலத்தில் அரசு நிறுவனமே விஸ்கியும் பிராந்தியும் விற்கிறது. பனையேறியின் கலயத்தை உடைக்கும் கை, பாட்டிலுக்கு ரசீது போடுகிறது. கேரளத்தில் அப்படியில்லை. கள்ளுக்கடைகள் அனுமதியோடு நடக்கின்றன. கள் தொழிலாளர்களுக்கு 1969-இலேயே சேமநல நிதிச் சட்டம் வந்தது. கோவாவில் முந்திரிப்பழ ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-இல் அதை மாநிலத்தின் பாரம்பரிய பானம் என்று அறிவித்தார்கள். கோவாவுக்கும் கேரளத்துக்கும் பெருமையாக இருப்பது தமிழனுக்கு மட்டும் குற்றமாவது ஏன்?

இதில் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மகாராஷ்டிரத்தில் தாடி என்ற பெயரில் கள் விற்க உரிமம் உண்டு. ஆனால் போதை ஏற்றுவதற்காக குளோரல் ஹைட்ரேட் என்ற ரசாயனத்தைக் கலந்து விற்றுப் பிடிபட்டவர்களும் உண்டு. மரமே இல்லாமல் 'கள்' இறக்கும் வித்தை அது! கள் என்ற பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகாது. பரிசோதனைதான் பாதுகாப்பு. பீர் ஆலையில் அதிகாரி போய்ப் பார்க்கிறார், கணக்குக் கேட்கிறார். கள்ளுக்கடையிலும் அதே ஒழுங்கோடு பார்க்கட்டும்.

தாய்மார்கள் கேட்பது

"எல்லாவற்றையும் மூடிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று தாய்மார்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. சம்பள நாளன்று வீட்டுக்கு வராத பணத்தின் வலி அவர்களுக்குத்தான் தெரியும். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு என்றே தனி அதிகாரம் இருக்கிறது. தந்தை பெரியார் ஒத்துழையாமைக் காலத்தில் தம் தோப்புத் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இந்த மரபு சாதாரணமானதல்ல. அளவோடு குடித்தாலும் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது சிற்றாலை பீருக்கும் பொருந்தும். மரத்தட்டில் வைத்துக் கொடுத்தாலும் மது மதுதான்.

ஆனால் மூடிய காலத்தில் என்ன நடந்தது என்பதற்குத் தாராவியே சாட்சி. குடி நிற்கவில்லை, கண்ணுக்கு மறைந்தது. மறைந்த இடத்தில் எது வேண்டுமானாலும் கலக்கலாம். குடிக்காதே என்று சொல்வது நல்ல புத்தி. அதையும் மீறிக் குடித்தவனைச் சாகவிடுவது நல்ல புத்தி ஆகாது.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. தொழிற்சாலைகளுக்குப் போகும் மெத்தனால் ஒவ்வொரு பீப்பாயும் கிளம்பிய இடத்திலிருந்து சேரும் இடம் வரை கணக்கில் இருக்க வேண்டும். விஷச் சாவுகளின் வேர் அங்கேதான். கூலித் தொழிலாளி குடிக்கும் கடையிலும், என்ன பண்டம், எங்கே செய்தது, எத்தனை சதவீதம் என்று மராத்தி, இந்தி, தமிழ் போன்ற மொழிகளில் பலகை இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் மது வகைகளுக்குத் தர விதிகளை வகுத்துவிட்டது. அவை ஏழையின் கடைக்கும் வந்து சேரட்டும். விஷச் சாராயம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவர் மீது வழக்கு இல்லை என்று போலீஸ் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு கள் தடையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பரிசோதனையோடும் பனையேறிக்குக் கூலி உத்தரவாதத்தோடும்.

குடியை விட நினைப்பவருக்குக் கை கொடுப்பதும் அரசின் கடமை, ஊரின் கடமையும்கூட. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு இந்த நகரில் 1950-களிலிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை. நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மண்டபம் பிடிக்கின்றன. மாதம் ஒரு நாள் இந்தக் காரியத்துக்கு ஒரு அறையைக் கொடுத்தால் பல குடும்பங்கள் வாழ்த்தும்.

செம்பூர் இளைஞருக்கும் ஒரு வேண்டுகோள். வாழைப்பழ வாசனையும் கசப்பும் அறிந்த நாக்கு, கேள்வி கேட்கவும் அறிந்த நாக்கு. கிராமத்துத் தாத்தா குடித்த கள்ளை அருவருப்பாகப் பேசிவிட்டு, ஆங்கிலப் பெயர் சூட்டிய பீரைப் பாராட்டுவது ரசனை ஆகாது. குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். வீட்டுக் கணக்கைத் தாண்டாதீர்கள். பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கிறபோது, அப்படி ஒரு பலகை இல்லாத கடையில் நிற்பவரையும் நினையுங்கள்.

தாராவித் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதோ ஒரே வார்த்தை. லேபிள் இல்லாத பாக்கெட்டை வாங்காதே. ஒரு நாள் குடிக்காவிட்டால் யாரும் சாவதில்லை. தெரியாததைக் குடித்தால் சாவு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

சில நூறு ரூபாய் கொடுப்பவருக்கு மட்டும் பதில் சொல்லி, இருபது முப்பது ரூபாய் கொடுப்பவருக்கு விஷத்தை ஊற்றும் ஏற்பாட்டுக்கு மதுவிலக்கு என்றும் பெயரில்லை, மதுக்கொள்கை என்றும் பெயரில்லை. 'குவளைக்குள் என்ன இருக்கிறது' என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றாக வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு.